சீன நண்பர்களின் ஆங்கிலம்: கடைசி மெய்யிலிருந்து தொடங்குவோம்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. செங்டூவிலிருந்தோ வூஹானிலிருந்தோ வந்த சக ஊழியர் கூட்டத்தில் பேச எழுந்திருப்பார். வேலையில் கெட்டிக்காரர். அவர் எழுதும் மின்னஞ்சலில் ஒரு பிழை காண முடியாது. ஆனால் பேச ஆரம்பித்ததும் எதிரே இருப்பவர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள். திரும்பச் சொல்லச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டதும் அவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அடுத்த கூட்டத்தில் மின்னஞ்சல் அனுப்புவதாகச் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை. கல்லூரியில் மொழியியல் படித்தது கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில், மதிய இடைவேளைகளில் சீன நண்பர்கள் சிலரோடு உட்கார்ந்து உச்சரிப்புப் பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். இப்போது அது வழக்கமாகிவிட்டது. அவர்களுடைய வாயையும் காதையும் கவனித்ததில் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். சீனர்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் சீன மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனர்களின் ஆங்கிலம் என்றதும் எல்லோரும் பிடித்துக்கொள்வது 'திங்க்' என்ற சொல்லை அவர்கள் 'சிங்க்' என்று சொல்வதைத்தான். பயிற்சியும் பெரும்பாலும் நாக்கைப் பல்லுக்கிடையில் நீட்டச் சொல்லித்தான் தொடங்குகிறது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கவனிக்க வேண்டியவை இரண்டு: சொல்லின் கடைசி மெய், சொல்லுக்குள் எந்த அசையை அழுத்துவது என்பது. இந்த இரண்டும் ஓரளவு சரியானாலே பேச்சு புரிய ஆரம்பித்துவிடும்.

மாண்டரின் அசை எங்கே முடிகிறது?

மாண்டரின் மொழியின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். தொனி வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதில் 400 சொச்சம் அசைகள்தான். தொனிகளையும் சேர்த்தால் 1300 அளவில் வரும். ஓர் அசை உயிரில் முடியும். இல்லாவிட்டால் 'ன்' அல்லது 'ங்' என்ற மூக்கொலியில் முடியும். பெய்ஜிங் பக்கத்துப் பேச்சில் நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு 'ர்' ஒலியும் கடைசியில் வரும். அவ்வளவுதான். க், ட், ப், ஸ், ல், ம் எதுவும் அசையின் இறுதியில் வராது. மெய்கள் இரண்டு மூன்று அடுத்தடுத்து நெருங்கி நிற்பதும் கிடையாது.

ஆங்கிலமோ 'ஆஸ்க்ட்', 'டெக்ஸ்ட்ஸ்' என்று மெய்களைச் சொல்லின் கடைசியில் குவித்துவைக்கிற மொழி. இறுதி மெய் இல்லாமலே வளர்ந்த நாக்கு அங்கே வந்து நின்றால் இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். மெய்யை விழுங்கிவிடும், அல்லது அதன் பின்னால் ஓர் உயிரைச் சேர்த்துச் சமாளிக்கும்.

விழுங்கினால் என்ன ஆகும்? ஃபைல், ஃபைன், ஃபைவ், ஃபைட் என்று நான்கு சொற்களைச் சொல்லிப் பாருங்கள். கடைசி மெய் தேய்ந்துவிட்டால் நான்கும் ஏறக்குறைய 'ஃபை' என்றே காதில் விழும். கேட்பவர் எதைப் பிடிப்பார்? 'திங்க்', 'சிங்க்' ஆனால் சுற்றியுள்ள சொற்களை வைத்து ஊகித்துவிடலாம். பத்துச் சொல்லில் ஐந்தாறு வாலில்லாமல் வந்தால் ஊகிக்கவே பிடிமானம் இருக்காது.

உயிரைச் சேர்ப்பது நமக்கும் பழக்கமானதுதான். தமிழில் வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்து வரும் விதி. அதனால்தான் நாம் 'பஸ்ஸு', 'பேங்க்கு' என்று உகரம் சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் தமிழில் ல், ள், ர், ழ், ம், ன், ய் எல்லாம் கடைசியில் வரும். மாண்டரினில் 'ல்' உட்பட அவற்றில் பல வராது. அதனால் 'ஸ்கூல்' என்ற சொல்லின் கடைசி 'ல்' அவர்கள் வாயில் 'ஓ' போல உருண்டு கரைந்துவிடுகிறது.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இறந்தகாலமும் பன்மையும் பெரும்பாலும் சொல்லின் கடைசி மெய்யில்தான் இருக்கின்றன. 'வீ ஃபிக்ஸ்ட் இட்' என்று சொல்ல வந்தவரின் 'ட்' விழுந்துவிட்டால், வேலையை முடித்துவிட்டதாக அவர் சொல்வது வழக்கமாகச் செய்யும் வேலையைப் பற்றிச் சொல்வதுபோல ஆகிவிடும். கேட்பவர் இவருக்கு இலக்கணம் தெரியாது என்று முடிவுகட்டுவார். எழுதச் சொன்னால் அதே மனிதர் பிழையில்லாமல் எழுதுவார்.

கடைசி மெய்யை அடுத்த சொல்லிடம் ஒப்படையுங்கள்

கடைசி மெய்யை அழுத்திச் சொல்லுங்கள் என்று அறிவுரை சொன்னால் 'பிக்கெ, இட்டெ, அப்பெ' என்று உயிர் சேர்ந்துகொள்ளும். எங்கள் பயிற்சியில் நன்றாக வேலை செய்தது வேறு வழி. அந்த மெய்யை அடுத்த சொல்லின் முதல் உயிரோடு சேர்த்துவிடுவது. 'பிக் இட் அப்' என்பதை 'பி-கி-டப்' என்று மூன்று அசையாக்கச் சொல்வேன். 'செக் இட் அவுட்' என்பதைச் 'செ-கி-டவுட்' என்று. 'ஃபிக்ஸ்ட் இட்' என்பதை 'ஃபிக்ஸ்-டிட்' என்று.

இப்படிப் பிரித்ததும் கடைசியில் நின்ற மெய் அடுத்த அசையின் முதலுக்கு வந்துவிடுகிறது. முதலில் வரும் 'கி'யும் 'டி'யும் சீன நாவுக்குச் சுலபம். இறந்தகாலத்தின் 'ட்' ஒலியும் தானாகவே கேட்க ஆரம்பித்துவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இப்படித்தான் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பதால் இதைக் குறுக்குவழி என்று நினைக்க வேண்டியதில்லை.

தமிழருக்கு இது இயல்பாக வரும். 'பால்', 'ஆடை' இரண்டும் சேர்ந்தால் 'பாலாடை' என்றுதான் நம் வாயில் வருகிறது. சீனருக்கு அப்படி வராது. தியானன்மென் சதுக்கத்தின் பெயரை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? 'தியென்-ஆன்-மென்' என்று அசை அசையாகப் பிரிந்து நிற்கும். முதல் அசையின் 'ன்' அடுத்த 'ஆ'வுக்குத் தாவாது. ரோமன் எழுத்தில் எழுதும்போதுகூட அந்த இடைவெளியைக் காட்ட நடுவில் மேற்கோள் குறி ஒன்று போடுவார்கள். ஆகவே சேர்த்துச் சொல்வதை நாம் தனியாக, நிதானமாகச் சொல்லித்தர வேண்டும். விளங்கியதும் சட்டென்று முன்னேற்றம் தெரிவது இந்தப் பயிற்சியில்தான்.

தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு 'பேக்'

பையைக் குறிக்கும் 'பேக்', முதுகைக் குறிக்கும் 'பேக்' இரண்டையும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவது ககரம் அதிர்வோடு வரும். இரண்டாவது அதிர்வில்லாமல் வரும். சீனருக்கும் இங்கே சிக்கல், காரணம்தான் வேறு. மாண்டரினில் ஒலிகள் அதிர்வால் பிரிவதில்லை, மூச்சால் பிரிகின்றன. 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட பின்யின் எழுத்துமுறையில் ஆங்கிலத்தின் ப, ட, க வரிசை எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அங்கே அவை குறிப்பது, மூச்சு வெடிக்காத ஒலி எது, வெடிக்கும் ஒலி எது என்பதை. பள்ளியில் பின்யின் படித்த குழந்தை அதே எழுத்தை ஆங்கிலத்தில் பார்த்ததும் தனக்குத் தெரிந்த ஒலியையே சொல்லும்.

தொண்டையில் கை வைத்து அதிர்வைத் தேடச் சொல்லும் பயிற்சி பலருக்குப் பிடிபடுவதில்லை. அதைவிட நல்ல தடயம் முன்னால் நிற்கும் உயிரில் இருக்கிறது. அதிர்வுள்ள மெய்க்கு முன்னால் ஆங்கில உயிர் நீளும். அதிர்வில்லாத மெய்க்கு முன்னால் குறுகும். பையைச் சொல்லும்போது 'பே...க்' என்று இழுக்கவும், முதுகைச் சொல்லும்போது வெட்டிச் சொல்லவும் பழக்கினால் போதும். கடைசி மெய் முழுசாக வராவிட்டாலும் கேட்பவர் சரியான சொல்லைப் பிடித்துக்கொள்வார். விதை, இருக்கை என்ற இரண்டு 'சீட்'டுக்கும் இதே வைத்தியம்தான்.

அழுத்தம்: அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் திறமை

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். மாண்டரினில் பெரும்பாலும் ஒவ்வோர் அசைக்கும் தனித் தொனி உண்டு. ஒவ்வொன்றையும் முழுசாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், பக்கத்தில் இருப்பவை தேயும். 'கம்ப்யூட்டர்' என்பதில் நடு அசைதான் நிமிர்ந்து நிற்கிறது. முன்னும் பின்னும் உள்ளவை பாதியாகச் சுருங்கிவிடுகின்றன. மூன்றையும் சம எடையில் சொன்னால் ஆங்கிலக் காது தடுமாறும். 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம் 'ஃபொட்டாக்ரஃபர்' ஆகும்போது இரண்டாவதுக்கு நகர்ந்துவிடும். இந்த நகர்வு எழுத்தில் தெரியாது.

சீனர்களுக்கு அழுத்தம் வராது என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குரலின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் அளவுக்குத் துல்லியமாக ஆளுகிறவர்கள் குறைவு. ஒரே அசையை நான்கு தொனியில் சொல்லி நான்கு பொருள் காட்டுகிற மக்கள் அவர்கள். அந்தத் திறமையை ஆங்கிலத்துக்குத் திருப்பிவிட்டால் போதும். திருப்புவதற்கு வழியும் அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. நான்கு தொனிகள் போக, 'சிங்ஷெங்' என்று ஒரு மெல்லிய ஒலிப்பு மாண்டரினில் உண்டு. அப்பாவை அழைக்கும் 'பாபா'வில் முதல் 'பா' ஓங்கி இறங்கும். இரண்டாவது குறுகி, லேசாக, தொனியே இல்லாமல் வரும். அசை தேய்வது என்றால் என்ன என்று அவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ஆகவே 'டாக்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 'பாபா' போலச் சொல்லச் சொல்வேன். 'டாக்' ஓங்கி இறங்கட்டும், 'டர்' தேயட்டும். வாக்கியத்தில் வரும் சின்னச் சொற்களுக்கும் இது பொருந்தும். சீன வாக்கியத்தில் 'தெ', 'லெ', 'மா' என்று வரும் இடைச்சொற்கள் லேசாகத்தான் ஒலிக்கும். ஆங்கிலத்தின் 'ஆஃப்', 'டு', 'தி' போன்றவற்றையும் அதே எடையில் வைக்கச் சொன்னால் வாக்கியத்தின் தாளமே மாறிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த மெல்லிய ஒலிப்பு மாண்டரினில் பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தில் வராது. அதனால் 'அபவுட்', 'டுடே' போல முதல் அசை தேயும் சொற்களுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும். அடுத்து, பெய்ஜிங்காரர்கள் பேச்சில் அது நிறைய வரும். தைவானியர், தெற்குச் சீனர் பேச்சில் குறைவு. ஒரே பயிற்சி எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பலிக்காது.

சீனர் என்றால் ஒரே நாவு இல்லை

சீனர் என்ற ஒரே சொல்லில் எத்தனையோ பேச்சுமொழிகள் அடங்கியிருக்கின்றன. எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினையை முன்கூட்டியே ஊகித்துவிடலாம்.

சிச்சுவான், ஹூபெய், ஹூனான் பகுதிகளில் 'ன'வும் 'ல'வும் கலந்துவிடும் பேச்சு பரவலாக உண்டு. அங்கிருந்து வந்தவர் 'நைட்' என்று சொல்ல நினைத்து 'லைட்' என்பார். இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஒலியை நீட்ட வேண்டும். 'ன்' என்றால் ஒலி அடைபட்டு நின்றுவிடும். 'ல்' என்றால் தடையில்லாமல் போகும். தன் வாயில் வருவது எது என்று யாரையும் கேட்காமல் தானே கண்டுபிடிக்கலாம்.

காண்டனீஸ் பேசும் ஹாங்காங்காரர்களுக்கும் 'ன', 'ல' கலப்பு உண்டு. ஆனால் அவர்கள் மொழியில் ப், ட், க், ம் எல்லாம் அசையின் இறுதியில் வரும். வல்லின மெய்களை வெடிக்கவிடாமல் வாயிலேயே அடக்கிவிடுவார்கள். ஒலி இருக்கிறது, கேட்பவரை எட்டுவதில்லை. 'த்ரீ' அவர்கள் வாயில் 'ஃப்ரீ' ஆவதும் உண்டு. ஷாங்காய்ப் பக்கத்து வூ மொழியில் அதிர்வொலிகள் இருப்பதால் அதைப் பேசி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாடம் சுலபம். பெய்ஜிங்காரருக்கு அமெரிக்கப் பாணியில் சொல்லின் கடைசியில் வரும் 'ர்' எளிதாகக் கைவரும்.

மேற்குத் திசையைக் குறிக்கும் 'வெஸ்ட்', உள்ளாடையைக் குறிக்கும் 'வெஸ்ட்' என்ற இணையில் நாமும் அவர்களும் ஒரே படகில் இருக்கிறோம். தமிழ் வகரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திசைக்கு உதட்டைக் குவிக்க வேண்டும். உடைக்கு மேற்பல்லைக் கீழுதட்டில் தொடவைக்க வேண்டும். இதைச் சீன நண்பரோடு சேர்ந்து ஒரு கண்ணாடி முன்னால் நின்று செய்து பாருங்கள். இரண்டு பேருக்கும் லாபம்.

வாய்க்கு முன்னால் காது

சீனாவில் பேச வராத ஆங்கிலத்துக்கு 'ஊமை ஆங்கிலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தேர்வுக்காகப் படித்துப் படித்து எழுத்து வளர்ந்தது, வாய் திறக்கவில்லை என்ற ஆதங்கம் அது. 1990களில் லீ யாங் என்பவர் 'கிரேஸி இங்கிலீஷ்' என்ற பெயரில் மைதானம் நிறைய ஆட்களைத் திரட்டி உரக்கக் கத்தி ஆங்கிலம் பேசவைத்தார். அதைப் பற்றி ஜாங் யுவான் 1999இல் ஆவணப்படமே எடுத்தார். கூச்சம் போக அது உதவியிருக்கும். ஆனால் காதுக்கு வேறுபாடு தெரியாமல் கத்தினால், இருக்கிற ஒலியே இன்னும் உரக்க வரும்.

'ஷிப்', 'ஷீப்' இரண்டும் ஒருவர் காதில் ஒன்றாக விழுந்தால் வாய் அவற்றைப் பிரிக்காது. காதைப் பழக்க முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரித்தறியத் திணறும் ஜப்பானியர்களுக்குப் பல பேருடைய குரலில் சொற்களைக் கேட்கவைத்துப் பயிற்சி கொடுத்து, பலனை 1991இல் வெளியிட்டார்கள். கேட்கும் திறன் கூடியது. ஆன் பிராட்லோவும் சகாக்களும் 1997இல் காட்டியது இன்னும் முக்கியமானது. கேட்கும் பயிற்சி மட்டும் எடுத்தவர்களின் உச்சரிப்பும் கூடவே மேம்பட்டிருந்தது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 'பல குரல்' என்பதை. ஒரே ஆசிரியரின் குரலையோ ஒரே செயலியின் குரலையோ திரும்பத் திரும்பக் கேட்டால் அந்தக் குரல் மட்டும்தான் பழகும். ஆண், பெண், இளையவர், முதியவர் என்று நான்கைந்து பேரைக் கைபேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். இணைச் சொற்களைக் கலந்து ஒலிக்கவிட்டு எது என்று கேளுங்கள். பதில் சொன்ன உடனே சரியா தவறா என்று சொல்லிவிட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் இதைச் செய்தால் போதும். அப்புறம் கைபேசியில் குரலை எழுத்தாக்கும் வசதியைத் திறந்து 'ஃபைல்' என்று சொல்லச் சொல்லுங்கள். திரையில் வேறு சொல் வந்தால் எந்த ஒலி விடுபட்டது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

எதுவரை போக வேண்டும்?

அமெரிக்கர் மாதிரி பேசவேண்டும் என்ற இலக்கு வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். கனடாவைச் சேர்ந்த மர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. மாண்டரினைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஆங்கிலப் பேச்சை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைக் கேட்கவைத்தார்கள். பேச்சில் சீன வாடை பலமாக இருக்கிறது என்று குறித்த அதே ஆட்கள், அந்தப் பேச்சைப் பல இடங்களில் சொல்லுக்குச் சொல் சரியாக எழுதிக்காட்டினார்கள். வாடை வேறு, புரிவது வேறு. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதிய நூலில், பல நாட்டவர் ஒருவரோடு ஒருவர் பேசும் ஆங்கிலத்துக்கு எந்த ஒலிகள் அவசியம் என்று பிரித்துக் காட்டினார். உயிரின் நீளம், சொல் தொடக்கத்தில் சேர்ந்து வரும் மெய்கள், வாக்கியத்தின் முக்கிய அழுத்தம் ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. நாக்கைப் பல்லுக்கிடையில் நீட்டும் அந்த ஒலி இல்லை.

சீன நண்பர் ஒருவர் உங்களிடம் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் இந்த வரிசையைச் சொல்லுங்கள். முதலில் கடைசி மெய்யை அடுத்த சொல்லோடு சேர்ப்பது. அடுத்து உயிரை நீட்டுவதும் குறுக்குவதும். பிறகு சொல்லின் அழுத்தம். அப்புறம் அவருடைய ஊருக்கே உரிய சிக்கல். பல்லுக்கிடையில் நாக்கை நீட்டுவது, நேரம் மிச்சமிருந்தால்.

கேட்பவர்களுக்கும் பங்கு உண்டு. கிளார்க், காரெட் என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழக்கமில்லாத உச்சரிப்பைக் கேட்கும்போது ஏற்படும் தடுமாற்றம் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பிராட்லோவும் டெஸ்ஸா பென்ட்டும் 2008இல் காட்டியபடி, சீனர்கள் பலருடைய ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு முன்பின் கேட்டிராத புதிய சீனரின் பேச்சும் நன்றாகப் புரிகிறது. சிங்கப்பூரில் இந்தப் பழக்கத்தைப் பெற நாம் எங்கேயும் போக வேண்டாம். உடன் வேலை செய்கிறவரின் முதல் நிமிடத்தைக் குறுக்கிடாமல் கேட்டால் போதும்.

அதற்குப் பிறகும் ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் முழுசாகத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். அவர் அதே ஒலியை இன்னும் சத்தமாகச் சொல்வார், அவ்வளவுதான். 'ஃபைலா, ஃபைனா?' என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். எந்த மெய் உங்களை வந்து சேரவில்லை என்று அவருக்கு அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும், அடுத்த முறை அதைச் சேர்த்துச் சொல்வார்.